முப்பதாம் தேதி இல்லாத டிசம்பர்

லாங்கி என்னைக் கூப்பிட்டுத் தன் கணினியில் காட்டிய முதல் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக நிறுவப்பட்டுவிட்டது, இனி நீங்கள் தொடங்கலாம் என்று ஒரு வாழ்த்து. வண்டி கழுவுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது இதற்கா என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் பாடகர் குழுவில் முதல் தடவை தனியாகப் பாடி முடித்தவள் முகம்போல் இருந்தது. அதனால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"பெனி அண்ணே, உங்க போன எடுங்க. நம்ம வைஃபைலயே இந்த நம்பர அடிங்க."

அடித்தேன். அதே வாழ்த்து என் கைபேசியிலும் வந்தது. அந்த நொடியிலேயே அவள் கணினியின் கறுப்புச் சன்னலில் புதிதாக ஒரு வரி எழுந்தது. யாரும் தட்டச்சு செய்யவில்லை. அதுவாகவே எழுந்தது.

"இது நீங்கதான்," என்றாள் வரியைத் தொட்டு. "நீங்க வாசல்ல வந்து நின்னீங்க. அது உள்ள கூப்பிட்டுச்சு. எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு எழுதியும் வெச்சிருக்கு பாருங்க."

இன்னொரு முறை திறந்தேன். இன்னொரு வரி. நான் கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் ஒரு பதில், ஒரு வரி. பதினெட்டு வருடம் இந்தச் சிறுநீரக நிலையத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். சபையில் டீக்கனாகவும் இருக்கிறேன். வருகிறவர்களை இத்தனை பொறுமையாக வரவேற்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

அந்த வரியில் மணி 1:10 என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் 2:10.

"ஒரு மணி நேரம் பின்னால போகுதே," என்றேன்.

"கிழட்டுக் கம்ப்யூட்டர் அண்ணே. உங்க வண்டி மாதிரி," என்றாள். இருவரும் சிரித்துவிட்டு அதை மறந்தோம்.

லாங்கி எங்கள் நிலையத்தில் எழுத்தர். எங்கள் தீவு நாட்டின் தலைநகரான ஆப்பியாவுக்கு மேலே மலைச்சரிவில், கடல் தெரிகிற இடத்தில் எட்டு நாற்காலிகள் கொண்ட சிறிய நிலையம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து உட்கார வேண்டும். இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும். சிலர் திங்கள், புதன், வெள்ளி. மற்றவர்கள் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு கர்த்தருடைய நாள்; இயந்திரங்களுக்கும் ஓய்வு. சொந்த வண்டி இல்லாதவர்களை விடிகாலையில் அழைத்துவருவது என் வேலை.

யாரை அழைக்க வேண்டும் என்பது கதவுக்குப் பக்கத்து வெள்ளைப் பலகையில் இருக்கும். போன வருடம் யாரோ தோள்பையோடு பலகையை உரசிக்கொண்டு போனதில் ஒரு பெயர் அழிந்தது. அந்த அம்மா நாள் முழுவதும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் லாங்கியால் அதைத் தாங்க முடியவில்லை. இனி ஒருவரும் வழியில் விடப்படக்கூடாது என்று அவள் சபையில் எழுந்து நின்று சொன்னாள். எங்களிடம் அப்படிச் சொல்வது சாட்சியோடு கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு, பொருத்தனை.

கணினியில் கடிதம் அடிக்க மட்டுமே தெரிந்தவள், மதியம் இரண்டாவது முறைக்கான நோயாளிகள் நாற்காலியில் அமர்ந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் இணையப் பக்கங்கள் கட்டுவதற்கான ஒரு ஃபிரேம்வொர்க்கைக் கற்கத் தொடங்கினாள். அது என்ன என்று கேட்டேன். நம் ஊர் விருந்தினர் மண்டபத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். தூணும் கூரையும் யாரோ முன்பே நிறுத்திவைத்திருக்கிறார்கள். வாசலில் பேச்சாளர் ஒருவர் நிற்கிறார். வருகிறவர் எதற்கு வந்தார் என்று கேட்டு உள்ளே சரியான ஆளிடம் அனுப்புகிறார். அந்த ஆள் பின்கட்டுப் பெட்டியிலிருந்து வேண்டியதை எடுத்துப் பாயில் பரப்பி முன்னே வைக்கிறார்.

"அப்ப உனக்கு என்னதான் வேலை?"

"யார் வந்தா யார் எழுந்திரிக்கணும், பெட்டில என்ன இருக்கணும், எந்தப் பாய விரிக்கணும். அத மட்டும் நான் சொல்லணும் அண்ணே. மத்தத அதுவே பாத்துக்கும்."

பயிற்சிக்காக முதலில் ஒரு வாக்கெடுப்புப் பக்கம் செய்தாள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையா, எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனா என்று நாற்காலிகளில் இருந்தவர்கள் கைபேசியில் வாக்களித்தார்கள். இரண்டையும் அளவோடுதான் சாப்பிட வேண்டியவர்கள். வாக்களிப்பதில் மட்டும் அளவில்லை. ஒரே ஆள் பதினோரு முறை மீனுக்குப் போட்டிருந்தார். அது செமிசி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

செமிசி தெற்குக் கரையில் சியூமுவைச் சேர்ந்தவர், பாடகர் குழுத் தலைவர். செவ்வாய், வியாழன், சனி அணி. அங்கிருந்து அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. செவ்வாய்க்கிழமைகளில் என் வண்டியில் வருவது அவர் ஒருவர்தான். வயதைக் கேட்டால் எத்தனை வருடமானாலும் நாற்பத்தொன்பது என்பார். பிறந்தநாள் டிசம்பர் முப்பது. அவருக்கு ஐம்பது ஆக வேண்டிய 2011இல்தான் எங்கள் நாடு தேதிக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. வியாழன் இருபத்தொன்பதாம் தேதி இரவு படுத்தோம். எழுந்தபோது சனி முப்பத்தொன்று. இடையில் வெள்ளிக்கிழமை என்று ஒன்று வரவே இல்லை. "விருந்துக்குப் பன்னி கொழுத்து நிக்குது, நாளக் காணோம்," என்று அவர் சொல்லும்போதெல்லாம் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்போம்.

அடுத்து லாங்கி நோயாளி என்றால் யார் என்று அந்த மென்பொருளுக்குச் சொன்னாள். பெயர், ஊர், வர வேண்டிய கிழமைகள், வண்டி வேண்டுமா. பத்து வரிகூட இல்லை. அதற்குள் பெயர் சேர்க்க, திருத்த, தேட ஒரு முழுப் பக்கம் பொத்தான்களோடு வந்து நின்றது. தலைமைச் செவிலியர் மகெரித்தா எதற்கும் எளிதில் வாய் பிளக்காதவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"இத எப்ப எழுதுன?"

"நான் எழுதல சிஸ்டர். நோயாளின்னா இன்னதுன்னு சொன்னேன். அதுவாவே வந்து நிக்குது."

மகெரித்தா நெஞ்சில் கை வைத்தார். நானும்தான். உலகத்தில் எங்கேயோ முகம் தெரியாத சிலர், எங்கள் லாங்கி என்று ஒருத்தி பின்னாளில் வருவாள், அவளுக்கு இது தேவைப்படும் என்று யோசித்து முன்கூட்டியே செய்துவைத்திருக்கிறார்கள். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பானை வைப்பவர்களின் காரியம் அது.

கடைசியாக ஒரு பக்கம்: இன்று வண்டியில் வர வேண்டியவர்கள். மூன்று வாரம் தினமும் மதியம் சோதித்தாள். ஒரு நாளும் பிழையில்லை. நான்காம் வாரத் திங்கள் மாலை மகெரித்தா ஜெபம் செய்தார், லாங்கி ஈரத்துணியால் வெள்ளைப் பலகையைத் துடைத்தாள், நாங்கள் கைதட்டினோம்.

செவ்வாய் விடிகாலை ஐந்துக்கு நிலையத்து வாசலில் நின்று பக்கத்தைத் திறந்தேன். லெயோட்டா. எசெத்தா. இரண்டு பெயர்.

இருவரும் வடக்குக் கரைக்காரர்கள், இருவரும் திங்கள் அணி. முந்தைய நாள்தான் அழைத்துவந்து திருப்பிக் கொண்டுபோய் விட்டிருந்தேன். என் மனதில் அப்போது ஒரு முள் குத்தியது, மறைக்க மாட்டேன். ஆனால் புது நாற்காலி வந்தால் கிழமைகள் மாறும் என்று மகெரித்தா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று வாரம் பிழை செய்யாததைக் கேள்வி கேட்க நான் யார் என்று நினைத்தேன். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நான் அழைக்கவில்லை. வடக்கே திரும்பினேன்.

லெயோட்டா ஒரு குடும்பத் தலைவர், எண்பது வயது. கொசுவலைக்குள்ளிருந்து எழுந்து வந்தார்.

"நேத்துத்தானடா வந்தேன், பெனி."

"மெஷின்ல உங்க பேருதான் இருக்குது ஐயா."

அவர் கைபேசியைக் கையில் வாங்கித் தன் பெயரை வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார். எசெத்தா அம்மாவும் அப்படியே. இரண்டாம் நாளும் தன்னைக் கூப்பிட்டிருந்தால் உடம்பில் ஏதோ கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார்.

நிலையத்தில் இறங்கியபோது மணி ஆறரை. மகெரித்தா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செமிசி எங்க?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சனிக்கிழமைக்குப் பிறகு செவ்வாய்வரை இடையில் இரண்டு முழு நாள். அந்த அணிக்காரர்களுக்குச் செவ்வாய்தான் ஆபத்தான நாள். உடம்பில் நீர் ஏறி நுரையீரலைத் தொட்டுவிடும். அதுவும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை விருந்து. மகெரித்தா செமிசியின் எண்ணை அழைக்க, நான் மலைச்சாலையில் வண்டியை விரட்டினேன்.

சியூமுவின் பேருந்து நிழற்குடையை அடைந்தபோது ஒரு கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் செமிசியின் துண்டும் கைபேசியும் கிடந்தன. அவர் இல்லை. பெஞ்சிலும் தரையிலும் சேப்பங்கிழங்கு குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கைபேசியை எடுத்து, "நான் பெனி," என்றேன்.

"பெனி, உன் போன நீ எடுக்கல. செமிசி இங்க வந்துட்டாரு," என்றார் மகெரித்தா மறுமுனையில். "உயிர் இருக்கு. நீ மெதுவா வா."

நடந்தது இதுதான். செமிசி ஐந்தேகால் முதல் காத்திருந்தார். வண்டி வராதபோது அவரும் கேட்கவில்லை. மெஷின் தன்னைக் கடைசியாக வைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். ஆறு மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சேப்பங்கிழங்கு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன ஒருவர் அவர் பெஞ்சில் சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்து நிறுத்தினார். பேரம் பேசவில்லை, யார் என்றுகூடக் கேட்கவில்லை. தன் கிழங்கையெல்லாம் இறக்கிக் கொட்டிவிட்டு, சாக்குகளை விரித்து, அவரைத் தலை உயர்த்திப் படுக்கவைத்து நேராக மலையேறினார். சாலையில் என் எதிரே கடந்துபோயிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. செமிசியைச் செவிலியர் கையில் கொடுத்ததும் சந்தைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாராம். சந்தைக்கு எதைக் கொண்டுபோவது? கிழங்கு முழுவதும் நிழற்குடையில் அல்லவா இருந்தது. நான் ஒன்று விடாமல் பொறுக்கி என் வண்டியில் ஏற்றி, சந்தையில் அவரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். அப்போதுதான் பெயர் தெரிந்தது. மாசே.

லாங்கி அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கணினிக்கு முன் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காலை ஒன்பதுக்கும் லெயோட்டா, எசெத்தா. பதினொன்றுக்கும் அதே. சாப்பிடக் கூப்பிட்டால் தலையசைத்தாள். பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்கும் அதே இருவர். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் முள் ஒன்றைத் தொட்டதும் அவள் மறுபடி திறந்தாள்.

செமிசி.

யாரும் எதையும் தொடவில்லை. பெயர் தானாக மாறியிருந்தது.

"ஒரு மணிக்கு," என்றாள் லாங்கி. "மதியம் ஒரு மணிக்குத்தான் அதுக்கு இன்னிக்கு நாள் பொறக்குது."

கறுப்புச் சன்னலைப் பார்த்தாள். கடைசி வரியில் மணி 0:00 என்று இருந்தது. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் முதல் நாள் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. இரண்டு பத்துக்கு ஒன்று பத்து. ஒரு மணி நேரம் பின்தங்குகிறது என்று நினைத்தோம். அது பின்தங்கியது பதின்மூன்று மணி நேரம். மதியம் இரண்டு பத்தை விடிகாலை ஒன்று பத்து என்று சொல்லியிருக்கிறது.

மென்பொருளின் அமைப்புகளை எழுதிவைத்திருக்கும் கோப்பில் ஒரு வரியைக் காட்டினாள். எந்த ஊர் நேரம் என்று யாரும் சொல்லாதவரை அது லண்டன் பக்கத்து உலகப் பொது நேரத்தில் நிற்கிறது. பூமியில் எங்களுக்கு முன்னால் விடிகிறவர்கள் ஏறக்குறைய யாருமில்லை. நாங்கள் எழுந்து ஜெபித்து, வேலை முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் அங்கே நேற்று முடிகிறது. லாங்கிக்குக் கற்க நேரம் கிடைத்ததோ ஒரு மணிக்கு மேல். அவள் சோதித்த நேரத்திலெல்லாம் இரண்டு இடத்துக்கும் ஒரே தேதி. அந்த மென்பொருள் பொய் சொல்லவே இல்லை. எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று நாங்கள் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உலகத்து ஊர்களின் பட்டியல் ஒன்று உண்டாம். நூற்றுக்கணக்கான பெயர்கள். அவள் மேலிருந்து கீழே தேடிக்கொண்டே போனாள். ஆப்பியா. எங்கள் ஆப்பியா. பெரிய நகரங்களின் அதே எழுத்தில், அதே அளவில். அந்த வரியில் அதை எழுதினாள். ஒரே ஒரு வரி.

மகெரித்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு வெள்ளைப் பலகையை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினார்.

"உன்ன நான் குத்தம் சொல்லல, லாங்கி. ஆனா மூச்சு முட்டினது எனக்கு இல்ல. செமிசி சொல்லட்டும். அந்தப் பக்கத்த நம்பி அவரு மறுபடி வெளிய வந்து நிப்பாருன்னா, நானும் பலகையக் கழட்டறேன்."

அவளுடைய பொருத்தனை அப்படியாக ஒரு மனிதரின் வாய்ச்சொல்லில் வந்து நின்றது.

வெள்ளி விடியலில் லாங்கி தன் கல்யாணப் பாயை எடுத்துவந்தாள், முடிபோல மெல்லிய நாரில் பின்னியது. பெரும் தீங்கு இழைத்தவர் பாதிக்கப்பட்டவர் வாசலில் அப்படி ஒரு பாயைத் தலைமேல் போர்த்துக்கொண்டு தரையில் அமர்வது எங்கள் வழக்கம். வீட்டுக்காரர் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் வெயில் ஏறும்வரை அப்படியே இருக்க வேண்டும். அன்றைய நோயாளிகளை நிலையத்தில் இறக்கிவிட்டு நான் அவளைச் சியூமுவுக்கு அழைத்துப்போனேன். ஓட்டுநராக அல்ல. அந்தக் காலையில் குத்திய முள்ளை நான் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. நானும் பாய்க்குக் கீழே உட்கார்ந்தேன்.

உள்ளே காலைப் பாட்டு பாடி முடித்தார்கள். சரளைக்கல்லில் காலடி கேட்டது. மெதுவான, கனத்த காலடி. அது எங்களுக்கு முன்னால் வந்து நின்றது, நகரவில்லை.

"எனக்கு மூச்சு முட்டினது எப்பிடி இருந்துச்சுன்னு பாக்க உக்காந்திருக்கீங்களா ரெண்டு பேரும்?"

பாய் விலகியது. செமிசி அதை மடிக்கத் தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி சுலியா ஓடிவந்து பறித்து, தூசி தட்டி, ஒழுங்காக மடித்து லாங்கியின் மடியிலேயே திரும்ப வைத்தார். உள்ளே அழைத்துச் சூடான கோகோ கொடுத்தார்கள். செமிசிக்கு அரைக் கோப்பைதான் அனுமதி. அதை எங்களுக்கு முன்னால் வேண்டுமென்றே சத்தம் போட்டு உறிஞ்சினார்.

நடந்த பிழையை லாங்கி விளக்கினாள். பதின்மூன்று மணி நேரம், லண்டன், பட்டியலில் ஆப்பியா. எல்லாம் கேட்டுவிட்டுச் செமிசி கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"மன்னிச்சுட்டேன், அது முடிஞ்சுது. நம்பறது வேற, பொண்ணே. அந்தப் பெஞ்சுல நான் என் பிள்ளைங்க பேர ஒவ்வொண்ணா சொல்லிப் பாத்துக்கிட்டேன். தெரியுமா?"

லாங்கி தலைகுனிந்தாள்.

"அதுக்கு இப்ப நம்ம ஊரு தெரியும்னு சொல்றே. சரி. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, டிசம்பர் முப்பது. அந்த நாளப் பத்திக் கேளு. ஆப்பியாவுல அப்பிடி ஒரு நாள் இருந்துச்சுன்னு அது சொன்னா, அதுக்கு நம்மளத் தெரியாது. நான் பலகையவே நம்பிக்கறேன்."

திரும்பும் வழியில் லாங்கியிடம், போனதும் ரகசியமாகக் கேட்டுப் பார்த்துவிடலாமே என்றேன். அவள் மறுத்தாள். அவர் பார்க்கும்போதுதான் தானும் பார்ப்பதாகச் சொன்னாள். அதுதான் நேர்மை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் இரவெல்லாம் கலக்கமாக இருந்தது. இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்கிற தீவுகள் நாங்கள். எங்கள் காலண்டரில் விழுந்த ஒரு நாளை உலகத்தில் யார் நினைவு வைத்திருக்கப்போகிறார்கள்?

சனிக்கிழமை எட்டு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. செமிசி குழாய்கள் பொருத்திய கையை அசைக்காமல், மறு கையில் கைபேசியைப் பிடித்திருந்தார். லாங்கி புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். 2011 டிசம்பர் கடைசி நாட்களில் உலகப் பொது நேரப்படி மணி மணியாக அது முன்னேறும். ஒவ்வொரு மணிக்கும் ஆப்பியாவில் அப்போது என்ன கிழமை, என்ன தேதி என்று எழுதும். எழுதி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"திறங்க மாமா."

செமிசி திறந்தார். நாங்கள் எல்லாரும் எங்கள் கைபேசிகளில் திறந்தோம். வியாழன் இருபத்தொன்பது, இரவு ஒன்பது. வியாழன் இருபத்தொன்பது, இரவு பத்து. வியாழன் இருபத்தொன்பது, இரவு பதினொன்று.

அடுத்த வரி, சனி முப்பத்தொன்று, இரவு பன்னிரண்டு.

செமிசி விரலால் மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். வெள்ளி எங்கும் இல்லை. அந்த இரவு எங்கள் சபை மணி அடித்ததும், கைகோத்து நின்று இருண்ட கடலைப் பார்த்ததும் எனக்கு அப்படியே திரும்பி வந்தது. அதை நாங்கள் மட்டும்தான் வாழ்ந்தோம் என்று நினைத்திருந்தேன்.

"யாரு எழுதினது இத?" என்றார் செமிசி கடைசியில். குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"தெரியல மாமா. உலகத்து ஊர் நேரத்தையெல்லாம் சரியா எழுதி வெக்கறதுக்குன்னே கொஞ்சம் பேர் இருக்காங்களாம். யார் கேட்டாலும் சும்மாவே குடுக்கறாங்க."

"நம்ம ஊருக்கு வந்திருப்பாங்களா?"

"வந்திருக்க மாட்டாங்க."

செமிசியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்க ஒரு கைதான் இருந்தது, அதில் கைபேசி இருந்தது. மகெரித்தா குனிந்து தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"எங்கயோ ஒருத்தன்," என்றார் செமிசி, "என் பன்னி வீணா நின்னத எழுதி வெச்சிருக்கான்."

எட்டு நாற்காலியும் சிரித்தது. அவரும் சிரித்தார். மகெரித்தா மட்டும் சிரிக்காமல் போய் ஆணியிலிருந்து பலகையைக் கழற்றினார்.

ஒன்றை மட்டும் நாங்கள் மாற்றிக்கொண்டோம். அது லாங்கியின் யோசனை. பக்கத்தில் வந்த பெயர்களை வண்டி கிளம்பும் முன் நான் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த ஒவ்வொருவரையும் அழைத்து, இன்று உங்கள் நாள்தானே என்று கேட்க வேண்டும். மெஷினைச் சந்தேகிக்க அல்ல. எத்தனை நல்ல வரவேற்பாளராக இருந்தாலும் அது வண்டி ஓட்டாது, மூச்சுச் சத்தம் கேட்காது. அது நம் வேலை.

அடுத்த செவ்வாய் விடிகாலை ஐந்துக்கு வாசலில் நின்று பக்கத்தைத் திறந்தேன். ஒரே பெயர். செமிசி. வாசித்தேன், அழைத்தேன். "என் நாள்தான், சீக்கிரம் வாடா," என்றார்.

மலையிறங்கிச் சியூமுவை அடைந்தபோது நிழற்குடைக்குப் பக்கத்தில் கிழங்கு ஏற்றிய வண்டி ஒன்று நின்றிருந்தது. மாசே பெஞ்சில் செமிசியோடு உட்கார்ந்து ஏதோ பாட்டின் தாழ்குரலைப் பழகிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் என் வண்டி வரும்வரை நின்றுவிட்டுப் போவது என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"மெஷின்ல பேரு வந்துச்சா?" என்று கேட்டார் மாசே.

காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார், லெயோட்டா பார்த்ததுபோல. பிறகு செமிசியின் கையைப் பிடித்து என் வண்டியில் ஏற்றிவிட்டு, தன் வண்டியைச் சந்தைக்குத் திருப்பினார்.